பவளம் வெளுத்த வாரம்

பச்சைத் தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போன வருடங்களில், கட்டபெட்டுப் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரு தொல்லை இருந்தது. எங்கள் தொல்லை கண்ணாடித் தொட்டியாகக் கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே உப்புத் தண்ணீர், இரண்டு மீன், சில நத்தைகள், ஊதா நிறத்தில் உயிருள்ள நாலைந்து பவளங்கள். கடல் எங்கே, நாங்கள் எங்கே? மேகம் சன்னல் வழியாக உள்ளே வரும் ஊரில், நான் கம்பளியோடு நடுங்க, அந்தத் தண்ணீருக்கு மட்டும் ஹீட்டர்.

எஸ்டேட்டில் ஃபீல்டு ஆபீசராக இருந்த என் கணவரை, நிலைமை சீரானதும் கூப்பிடுகிறோம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் அந்தத் தொட்டிதான் அவருக்கு எஸ்டேட். இதைக் கேள்விப்பட்டு, மசினகுடியில் ரிசார்ட் நடத்தும் ஒருவர் சொல்லி அனுப்பினார். அவருடைய வரவேற்பறையில் இதேபோல் பெரிதாக ஒன்று வைக்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பாராம். பிடித்திருந்தால் அதைப் பராமரிக்கும் வேலை என் கணவருக்கு. மாதச் சம்பளம் என்ற பேச்சே எங்கள் வீட்டில் மறந்துபோயிருந்த நேரம் அது.

அந்த வாரம் பார்த்துத்தானா பவளத்துக்குக் கேடு வர வேண்டும்?

செவ்வாய்க்கிழமை காலை ஊதா பழுப்பாகி, ஓரமெல்லாம் வெளுத்து, பவளம் சுருங்கிக் கிடந்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? தேயிலையில் சிவப்புச் சிலந்திப் பூச்சி தேடும் பூதக்கண்ணாடியை எடுத்துவந்து, தொட்டி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"வெயில் ஜாஸ்தியாப் பட்டா கொழுந்து இப்படித்தான் வெளுக்கும்" என்று விளக்கை அட்டை வைத்து மறைத்தார். மத்தியானம், "இல்ல, இது சத்துக் குறைவு" என்று அட்டையை எடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏனுங்க, அது என்ன தேயிலைச் செடியா? தண்ணி கெட்டுப்போச்சுங்க. மாத்துங்க!"

தொட்டிக்கென்று வைத்திருந்த நீல டிரம்மில் உப்பைக் கலக்கி மாற்றினார். சாயங்காலம் இன்னும் மோசம். "கொஞ்சமா மாத்துனா எப்படி? நெறைய மாத்துங்க" என்றேன். புதன் காலை மறுபடி மாற்றினார். நத்தைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியிலிருந்து கழன்று விழுந்தன. மீன்கள் மட்டும் எதுவுமே நடக்காததுபோல் தீனி கேட்டுச் சுற்றின. அந்த மீன்களையே வெகுநேரம் பார்த்தவர், டிரம்மைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். திரும்பி வந்தபோது கையில் டிரம் இல்லை.

வியாழனன்று நான் குளிக்கப் போனால் வாளிகள் இரண்டையும் காணோம். தொட்டிப் பக்கத்தில் இருந்தன, இரண்டிலும் உப்புத் தண்ணீர்.

"டிரம் இருக்கறப்ப குளிக்கற வாளி எதுக்குங்க?"

"அது வேண்டாம்."

ஏன் என்று சொல்லவில்லை. ஞாயிறுவரை திட்டினேன். சோம்பேறி என்றேன், வந்த வேலையைத் தொலைக்கிற ஆள் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ரிசார்ட்காரர் ஜீப்பில் வந்து இறங்கினார். மரியாதையான மனிதர். பவளம் சுண்ணாம்பாக வெளுத்திருந்ததைக் குனிந்து பார்த்தார். "ஏன் சார் இப்படி ஆச்சு?"

"காப்பர்ங்க" என்றார் என் கணவர். "தேயிலையில கொப்புள நோய்க்கு அடிக்கற காப்பர் மருந்து கலக்குன டிரம்முலயே உப்புத் தண்ணியும் கலக்கிட்டேன். மீன் தாங்கிக்கிச்சு, பவளம் தாங்கல. அலசிட்டாப் போதும்னு நெனச்சது என் தப்புங்க."

டீத் தட்டோடு நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். திங்கட்கிழமை மழை விட்ட நேரத்தில் எங்கள் அரை ஏக்கர் தேயிலைக்கு மருந்து அடித்தது நான். அவர் அன்று குன்னூர் போயிருந்தார். மருந்து டிரம் விரிசல் விட்டிருந்ததால் நீல டிரம்மை எடுத்தேன். மூன்று தடவை அலசி, இருந்த இடத்திலேயே வைத்தேன். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் அப்படித்தான். அலசிவிட்டால் அது தண்ணீர் டிரம். அன்று ராத்திரி திரும்பி வந்தவர் வழக்கம்போல அதில்தான் உப்புக் கலக்கித் தொட்டியில் ஊற்றினார். மறுநாளிலிருந்து அதே டிரம் தண்ணீரை ஊற்றச் சொல்லித்தான் மாத்துங்க, மாத்துங்க என்று விரட்டியிருக்கிறேன்.

"இதுகூடத் தெரியாமலா தொட்டி வெச்சிருந்தீங்க?" என்றார் வந்தவர்.

இவர் சிரித்தார். நான்தான் செய்தேன் என்று நான் சொல்லியிருக்கலாம். வேலை கிடைத்திருக்குமோ என்னவோ. ஐந்து நாளாக மூடாத வாய் அப்போது திறக்கவில்லை. பார்க்கலாம் சார் என்று சொல்லிவிட்டு வந்தவர் கிளம்பினார். ஜீப் போனதும் நான் இவரைக் கேட்டேன்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"புதங்கிழமையே. டிரம் அடியில பச்சையா மருந்து படிஞ்சிருந்துச்சு."

"அப்பவே எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"முதுகுல மெஷினக் கட்டிக்கிட்டு, அடுத்த மழைக்கு முந்தி ஒத்தையாளா அத்தனையும் அடிச்சு முடிச்சிருந்தே. கையெல்லாம் கொப்புளம். அதப் பாத்துட்டு என்னத்தச் சொல்ல?"

மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான். அதை விட்டுவிட்டு, ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று சாயங்காலம்வரை அவரோடு சண்டை போட்டேன்.