சுண்ணாம்பு அடிச்ச குளம்

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. இலங்கையில உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல, மேல் லயத்து வரிசை வீடுகள்ல கடைசிக் காம்பராவுல நானும் எங்க வீட்டுக்காரரும் குடியிருந்தோம். நான் கொழுந்து எடுக்கப் போவேன். அவர் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுற ஆளு. வாயத் திறந்து நாலு வார்த்தை பேசினா அன்னைக்கு மழை வரும்னு லயத்துல கேலி பண்ணுவாங்க, அப்படி ஒரு மனுஷன்.

காம்பராவுக்குப் பின்னால லீக்ஸ், கோவான்னு கொஞ்சம் காய்கறி போட்டிருந்தோம். அதுக்குத் தண்ணி வேணும்னாலும் கீழே மலை ஊத்து விழுற பீலிக்குத்தான் போகணும். பள்ளத்துல இறங்கி, குடத்தை நிரப்பி, வழுக்குப் பாதையில ஏறி வரணும். அப்படி ஒரு நாள் ஏறி வரும்போது நான் விழுந்துட்டேன். வயித்துல இருந்த பிள்ளை தங்கல. அதுக்கு மேல அதைப் பத்தி நாங்க ரெண்டு பேரும் பேசிக்கல. ஆனா அடுத்த ஞாயித்துக்கிழமையே அவர் மண்வெட்டியை எடுத்துட்டுப் போயி, கொல்லையில ஊத்துக் கசியுற இடமாப் பார்த்து ஒரு குழி வெட்ட ஆரம்பிச்சாரு. வேலை விட்டு வந்து வந்து வெட்டினாரு. சுத்திக் கல்லு அடுக்கினாரு. ஒரு ஆள் இடுப்பளவு ஆழத்துக்குத் தண்ணி ஊறி நின்னுச்சு. குளம்னு சொன்னா பெரிய பேச்சு, குழின்னு சொன்னா எனக்குக் கோவம் வரும்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையா, அடுத்த மாசமே வில்லங்கம் வந்துச்சு. தோட்டத்து ஆஸ்பத்திரியில ஒரு டிஸ்பென்சர் இருந்தாரு. எங்களுக்கு அவர்தான் டாக்டரையா. மாசா மாசம் லயம் பார்க்க வருவாரு. சாக்கடைக் கான் எல்லாம் சுத்தமா இருக்கா, குப்பை கிடக்கான்னு பார்ப்பாரு. எங்க குளத்துல ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டை முக்கி எடுத்து எங்கிட்ட நீட்டினாரு. தட்டு பூரா குட்டிக் குட்டிப் புழு, நெளிஞ்சுக்கிட்டு இருக்கு. கொசு ஆகப் போற புழுவாம். மூடிடுங்கன்னுட்டாரு. எங்க வீட்டுக்காரர் தான் அடுக்கின கல்லையே பார்த்துக்கிட்டு நின்னாரு. அந்த முகத்தைப் பார்த்தோ என்னமோ, போகும்போது டாக்டரையாவே ஒரு வழியும் சொன்னாரு. மீன் விட்டுப் பாருங்க, புழுவைத் தின்னும், அடுத்த மாசம் தட்டுல ஒரு புழு இருந்தாலும் மூடிட வேண்டியதுதான்.

துரை பங்களாவுல பூந்தோட்டம் பார்க்கிறவர் எங்களுக்கு மாமா முறை. பங்களாத் தொட்டியில மீன் பெருகிப் போச்சுன்னு துரைசாணி சொல்லிக்கிட்டே இருந்தாங்களாம். கேட்டதும் ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்துல செவப்பு மீனாக் கொஞ்சம் கொண்டாந்து குடுத்தாரு. அதுவரைக்கும் மீன்னா எனக்குக் கருவாடுதான். உசுரோட இருக்கிற மீன் என்ன செய்யும், எப்பத் தூங்கும், ஒண்ணும் தெரியாது. கண்ணை மூடாமத் தூங்குமாமே, அது எப்படின்னு குந்திக் குந்திப் பார்த்தேன். அது தூங்கல, நான்தான் தூங்கி வழிஞ்சேன்.

பசிக்குமேன்னு ரொட்டியைப் பிச்சுப் பிச்சுப் போட்டேன். குளிர் காலையில அதுங்க அடியிலயே படுத்துக் கிடக்கும், ஏறெடுத்தும் பார்க்காது. வெயில் ஏறினாத்தான் மேல வரும். போட்ட ரொட்டி எல்லாம் ஊறி, தண்ணி நாற ஆரம்பிச்சப்பத்தான் புத்தி வந்துச்சு. ரொட்டியை நிறுத்தினேன். அப்புறம் பார்த்தா, பசி எடுத்த மீன் புழுவை விரட்டி விரட்டித் தின்னுது. மீனுக்கு என் சமையல் பிடிக்கலைன்னு எங்க வீட்டுக்காரர் சொன்னாரு. அந்த மாசத்துல அவர் பேசின பெரிய பேச்சு அதுதான்.

இப்ப என்னைப் பத்தி ஒண்ணு சொல்லணும். எங்கப்பா புல்லு வெட்டுக் கங்காணி. அவர் மலையில தேயிலைக்கு நடுவுல ஒரு புல்லு நிக்காது. மண்ணு வழிச்சு விட்ட மாதிரி இருக்கும். அந்தக் கையில வளர்ந்தவ நான். அழகுன்னா எனக்குச் சுத்தம், சுத்தம்னா புல்லு இல்லாத மண்ணு. லயம் பார்க்க வர்ற நாள்னா எல்லாரும் கூட்டுவாங்க, கானைக் கழுவுவாங்க, முன்சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பாங்க. நான் ஒரு படி மேல போனேன்.

டாக்டரையா வர்றதுக்கு முந்தின நாள், குளத்தங்கரைப் புல்லு அத்தனையும் சுரண்டி எடுத்தேன். தண்ணிக்குள்ள வளர்ந்திருந்த பாசியை அள்ளி எறிஞ்சேன். மேலே சாய்ஞ்சிருந்த கொய்யாக் கிளையில யாரோ துப்பின மாதிரி வெள்ளையா நுரை தொங்குச்சு, கருமம்னு அதையும் தட்டி விட்டேன். சுவருக்கு அடிச்சது போக வாளியில சுண்ணாம்பு மிச்சம் இருந்துச்சு. வீணாப் போகுதேன்னு குளத்தைச் சுத்தி இருந்த கல்லுக்கெல்லாம் வெள்ளை அடிச்சேன். பக்கத்துக் காம்பரா அக்கா வந்து பார்த்துட்டு, கோயில் குளம் மாதிரி இருக்குடின்னாங்க. எனக்குத் தலை கால் புரியல.

ராத்திரி நல்ல மழை. காலையில போயிப் பார்க்கிறேன், தண்ணி பால் மாதிரி இருக்கு. மீன் எல்லாம் மேல வந்து வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது, பாதி மல்லாந்து மிதக்குது. நான் கத்தினதும் எங்க வீட்டுக்காரர் ஓடி வந்தாரு. மழை பேஞ்சா மட்டும் தண்ணி ஓடுற மேல் ஓடையில தகரத்தை முக்கித் தண்ணி எடுத்து, உசுரு இருந்ததை எல்லாம் கையால அள்ளி அதுல விட்டாரு. பிழைச்சதை எண்ணினா ஒரு கை விரலுக்குக் கூட வரல. பிள்ளையார் பிடிக்கப் போயி குரங்கா முடிஞ்சுது. செத்ததை நான்தான் லீக்ஸ் பாத்தியில புதைச்சேன். அழுதுக்கிட்டேதான் புதைச்சேன், மீனுக்கு அழுறதான்னு யாரும் கேட்டிருந்தா அவங்களை என்ன செஞ்சிருப்பேனோ தெரியாது.

மத்தியானம் டாக்டரையா வந்தாரு. அதுக்குள்ள சுண்ணாம்பு அடியில படிஞ்சு, தண்ணி கண்ணாடி மாதிரி தெளிஞ்சிருந்துச்சு. தட்டை முக்கினாரு, ஒண்ணுமில்ல. இன்னொரு தடவை முக்கினாரு, ஒரு தூசி கூட இல்ல. நல்லாச் சந்தோஷப்பட்டாரு. லயத்து ஆளுங்களைக் கூப்பிட்டுக் காட்டி, பார்த்தீங்களா, இப்படித்தான் வச்சுக்கணும்னாரு. மூட வேணாம்னும் சொல்லிட்டாரு. நாங்க கேட்டது கிடைச்சிருச்சு. ஆனா எனக்குச் சந்தோஷம் வரல. உசுரோட இருந்தப்ப மூடச் சொன்ன குளத்தை, செத்த பிறகு நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போறாரேன்னு இருந்துச்சு. அவரைக் குத்தம் சொல்ல முடியாது. முந்தின நாள் நானும் அப்படித்தானே நினைச்சேன்.

அதுக்கப்புறம் எங்க வீட்டுக்காரர் குளத்தை இறைச்சு, அடி மண்ணைச் சுரண்டி, கல்லை எல்லாம் தேய்ச்சுக் கழுவி மறுபடி அடுக்கினாரு. ஊத்துத் தண்ணி ஊறி, நாள் கழிச்சு, மிஞ்சின மீனை விட்டோம். அதுங்க ஒரு மூலையில ஒட்டிக்கிட்டு அசையாம நின்னுச்சு. ஏன்னு புரியல. அப்புறம்தான் பார்த்தேன், வேலியில ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருக்கு. மொட்டைக் குளத்துல செவப்பு மீன் ஒளிய எங்க போகும்? அன்னைக்குச் சாயங்காலம் மழைத் தண்ணியில ஒரு கொத்துப் பாசி அடிச்சுக்கிட்டு வந்து குளத்துல விழுந்துச்சு. விழுந்ததுதான் தாமதம், எல்லா மீனும் அதுக்கு அடியில போயி நுழைஞ்சுக்கிச்சு. நான் குப்பைன்னு அள்ளி எறிஞ்சது அதுங்களுக்கு வீடு.

மறுநாள் நானே ஓடையில இறங்கிப் பாசி பறிச்சு வந்து போட்டேன். கரைப் புல்லைத் தொடல. பிடுங்கச் சொல்லிக் கை அரிக்கும், இருந்தாலும் தொடல. அப்புறம் நான் ஒண்ணும் செய்யாமலே ஒவ்வொண்ணா வந்து சேர்ந்துச்சு. தட்டான் வந்துச்சு. தவளை வந்துச்சு. கொய்யாக் கிளையில மறுபடி அந்த நுரை. இந்தத் தடவை தட்டி விடாம தினமும் பார்த்தேன். ஒரு மழை நாள்ல அந்த நுரை கரைஞ்சு, அதுக்குள்ள இருந்து தவளைக் குஞ்சுங்க சொட்டுச் சொட்டாத் தண்ணியில விழுந்துச்சு. வேலைக்கு நேரமாகுதுன்னு ஆள் எண்ணுற பெரட்டுக்குத் தப்பு அடிக்கிறாங்க, நான் கூடையைத் தலையில மாட்டிக்கிட்டு அதைப் பார்த்துக்கிட்டே நிக்கிறேன்.

நடுவுல ரெண்டு மாசம் டாக்டரையா லீவுல போயிட்டாரு. அவர் திரும்பி வந்தப்ப எனக்கு வயித்துல அஞ்சு மாசம். குளம் பச்சைப் பசேல்னு, கரை தெரியாமப் புல்லு மூடி இருக்கு. கங்காணி மக வீட்டுல காடு வளர்க்கிறாள்னு லயமே சிரிச்சுது. குளத்தைப் பார்த்த உடனே டாக்டரையாவுக்கு முகம் மாறிருச்சு. என்னம்மா இது, நான் ஊர் பூரா உங்க குளத்தைப் பெருமையாச் சொன்னேனே, இன்னைக்கே மூடுங்கன்னாரு. எங்க வீட்டுக்காரர் என் வயித்தைப் பார்த்தாரு, அப்புறம் பள்ளத்துப் பாதையைப் பார்த்தாரு. என்ன நினைச்சாருன்னு எனக்குத் தெரியும்.

பெரிய மனுஷங்க முன்னால நான் வாய் திறந்ததே இல்ல. அன்னைக்குத் திறந்தேன். "ஐயா, போன தடவை இது சுத்தமா இல்லீங்க, செத்துப் போயிருந்துச்சு. நான்தான் சுண்ணாம்பு அடிச்சுக் கொன்னுட்டேன். உங்க தட்டை முக்கிப் பாருங்க, புழு இருந்தா நானே மூடுறேன்" அப்படின்னுட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு, தட்டை முக்கினாரு. பாசி, தவளைக் குஞ்சு, கண்ணு மட்டும் தெரியுற மீன் குஞ்சு ரெண்டு. கொசுப் புழு இல்ல. புல்லுக்கு அடியில முக்கினாரு. அங்கயும் இல்ல. இன்னொரு மூலையில முக்கினப்ப, ஆறு காலோட அசிங்கமா ஒரு பூச்சி வந்துச்சு. அது என்னன்னு எனக்கும் ரொம்ப நாளா சந்தேகம். அவர் தட்டை வெயில்ல திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, இது தட்டானோட குஞ்சும்மா, கொசுப் புழுன்னா இதுக்கு விருந்து, புஸ்தகத்துல பார்த்திருக்கேன், உசுரோட இப்பத்தான் பார்க்கிறேன்னாரு. அப்புறம் கால்சட்டை ஈரமாகுறதைக் கூடப் பார்க்காம என் பக்கத்துல குந்திட்டாரு. நான் நுரைக் கூட்டைக் காட்டினேன். மீன் எங்க ஒளியும்னு காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாரு. எந்திரிக்கும்போது, "இருக்கட்டும்மா" அப்படின்னாரு, அவ்வளவுதான்.

செடிக்குத் தண்ணி ஊத்த நான் அதுக்கப்புறம் பீலிக்குக் குடம் எடுத்துட்டுப் போகல. மார்கழியில எங்க மூத்தவ பொறந்தா. காலம் எவ்வளவோ போயிருச்சு. இப்பவும் எதையாவது துடைச்சு வச்ச மாதிரி அழகா வச்சிருக்கிறதைப் பார்த்தா, எனக்கு உடனே பாராட்டத் தோணுறதில்ல. உள்ளே உசுரு இருக்கான்னு குனிஞ்சு பார்க்கத்தான் தோணுது.