கதவோரம் நின்று கொடுத்த பால்

தொண்ணூறுகளில் மலேசியாவில், புலாவ் செபாங் பக்கம் ஒரு நாற்காலிக் கம்பெனியில் பெயிண்ட் ஸ்பிரே அடித்துக்கொண்டிருந்தேன். தின்னர் வாடை மூக்கில் ஏறி, சாயங்காலமானால் தலை வெடிக்கும். வாய்க்குக் கட்ட ஒரு துண்டுத் துணி. அதுவும் வீட்டிலிருந்து கொண்டு போனதுதான்.

சூப்பர்வைசர் அக்கா நான் பிறந்த தோட்டத்துக்காரர். எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். தினமும் பத்து மணிக்கு ஸ்பிரே ரூம் கதவோரம் நின்று, "வாங்கடி, பாலு!" என்று கூப்பிடுவார். "குடிச்சிருங்க, நெஞ்சுல உள்ள விஷமெல்லாம் கழுவிக்கிட்டுப் போயிடும்லா." தோட்டத்தில் களைமருந்து அடித்த எங்கள் அம்மாமாருக்கும் இதையேதான் சொல்லியிருந்தார்கள். நம்பினோம். பிள்ளைத்தாய்ச்சிகூட அவ்வளவு பால் குடித்திருக்க மாட்டாள். இருமல் மட்டும் விடவில்லை.

ஒரு நாள் அரசாங்க அதிகாரி பார்வையிட வந்தார். அன்று காலையில் ஆபீஸ் அலமாரி திறந்தது. ஃபில்டர் வைத்த புது மாஸ்க், ஆளுக்கொன்று. வழக்கமாகப் பின்கால்வாயில் கொட்டும் பழைய தின்னர், டிரம்மில் மூடி போட்டுச் சமத்தாக உட்கார்ந்திருந்தது. மாஸ்க் மாட்டிக்கொண்டு அடித்தேன், வாடையே இல்லை. அட, இப்படியும் மூச்சு விடலாமா என்று இருந்தது.

மாஸ்க் தினமும் போடுகிறார்களா என்று அதிகாரி மலாயில் கேட்டார். "கொடுக்கத்தான் செய்கிறோம். வெக்கை என்று இவர்களேதான் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள்" என்றார் அக்கா, அவரும் மலாயில். சொல்பேச்சுக் கேட்காத பிள்ளைகளைப் பார்ப்பதுபோல அதிகாரி எங்களைப் பார்த்தார். வேலை போய்விடுமே என்று நானும் நாற்காலிப் பக்கம் திரும்பி மறுபடி அடிக்க ஆரம்பித்தேன்.

அதிகாரி போனதும் மாஸ்க்கெல்லாம் அலமாரிக்குத் திரும்பின. மறுநாள் அதே கதவோரம், அதே பால்.

"ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"நான் என்னடி செய்றது? எனக்கும் வேலை போயிடும்லா. இந்தா, குடி."

"நீங்க குடிங்கக்கா. குடிச்சிட்டு உள்ள வாங்க. நாங்க அடிச்சு முடிக்கிற வரைக்கும் எங்ககூட நில்லுங்க."

அக்கா கையிலிருந்த பால் பாக்கெட்டைப் பார்த்தார். உள்ளே மிதந்த பெயிண்ட் புகையைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: அத்தனை காலத்தில் ஒரு தடவைகூட அவர் அந்தக் கதவைத் தாண்டி வந்ததில்லை. நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அது இதுதான்.

"பைத்தியமாடி ஒனக்கு?" என்றார். பாலைக் கதவடியில் வைத்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்.