குளிக்கத் தடை, துண்டுக்குத் தடையில்லை

விசுவாசக் குடும்பத்தாரே, ஈரக் கையோடு இதை எழுதுகிறேன். கர்த்தர் செய்ததைச் சொல்லி முடிக்காமல் இந்தக் கை காயாது.

குற்றாலம் மெயின் அருவிக்குப் போகும் பாதையில் துண்டு விற்கிறவன் நான். வயது நாற்பத்தொன்பது. என் மகள் எஸ்தர் பாளையங்கோட்டையில் நர்சிங் படிக்கிறாள். இரண்டாம் வருடக் கட்டணத்தை மே மாதமே கட்டச் சொன்னார்கள். வங்கியில் கொடுத்த கல்விக்கடன் மனு மேசை மேசையாக ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. அதனால் மாணவர்களுக்கென்று மூன்று மாதக் கடன் தருகிற ஒரு தனியார் கம்பெனியில் வாங்கினோம். ஜூலை முடிவதற்குள் மொத்தமும் திருப்ப வேண்டும். தவறினால் அடுத்த பருவத்துக்குக் கடன் கிடையாது. கடன் இல்லையென்றால் எஸ்தருக்குக் கல்லூரி கிடையாது.

கெடுவுக்கு ஒத்துக்கொண்டவன் நான்தான். ஜூனில் சாரல் விழும், அருவி விழும், கூட்டம் வரும், துண்டு போகும் என்று மலையை ஜாமீன் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். எங்கள் ஊர்க்காரனைத் தவிர வேறு எவனும் இதைச் செய்யமாட்டான். போனில் பேசிய கம்பெனிப் பெண் வருமானம் எப்போது வரும் என்று கேட்டாள். சாரல் வந்ததும் வரும் என்றேன். அவள் "சுயதொழில்னு போட்டுக்கிறேன் சார்" என்றாள்.

ஜூன் வந்தது. சாரல் வரவில்லை. அருவி நூலாக இறங்கியது. அந்த நூலை வைத்து ஒரு துண்டுகூட நெய்ய முடியாது. வந்த நாலு பேரும் பாறைக்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு உலர்ந்த தலையோடு திரும்பினார்கள். உலர்ந்த தலைக்கு எதற்குத் துண்டு?

ஜூலை பாதி போய்விட்டது. எஸ்தர் போன் செய்தாள். அவள் அழவில்லை. அதுதான் என்னை உடைத்தது.

"யப்பா, நான் வேணா ஒரு வருசம் நின்னுக்கிடுதேன். ஒங்ககூடக் கடையில இருக்கேன்."

"கடையில நிக்க நான் இருக்கேன். நீ ஊசி போடப் படி" என்றேன். போனை வைத்துவிட்டுத் துண்டு மூட்டையில் முகத்தைப் புதைத்தேன். அந்த சீசனில் என் கடையில் அதுவரை நனைந்த துண்டு அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை தென்காசி சபையில் உபவாச ஜெபம். அந்த நாட்களில் நான் ஜெபிப்பது மேலதிகாரி உத்தரவு போடுகிற மாதிரி இருக்கும். மேகம் எந்த முகட்டில் நிற்க வேண்டும், எந்தக் கிழமை தவறக்கூடாது, எல்லாம் ஆண்டவருக்கு விவரமாகச் சொன்னேன். பக்கத்தில் பாவூர்சத்திரம் மார்க்கெட் வியாபாரி செல்லத்துரை அண்ணாச்சி முழங்காலில் இருந்தார். அவருடைய சின்ன வெங்காயம் களத்தில் காய்கிறதாம். ஒரு சொட்டு விழக்கூடாதாம். நான் குரலை ஏற்றினேன். அவரும் ஏற்றினார். பாஸ்டர் வந்து இருவர் தோளிலும் கை வைத்தார். அண்ணாச்சி ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"ஏ தம்பி, கொஞ்சம் மெதுவாக் கேளுடே. என் வெங்காயமும் அவரு காதுல விழணும்லா."

அடுத்த வியாழன் மேகம் மலையில் தலை சாய்த்தது. சனிக்கிழமை விடியலில் மலை உறுமியது. ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே எல்லாத் துண்டையும் கயிற்றில் தொங்கவிட்டு அருவிக்கு ஓடினேன். தண்ணீர் அருவிக்கு முன்னால் இருக்கிற பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தது. போலீஸ்காரர்கள் கயிறு கட்டி விசில் ஊதினார்கள். குளிக்கத் தடை.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆண்டவரே, எல்லாம் சொன்னேன், அளவைச் சொல்லாமல் விட்டேனே என்று புலம்பினேன்.

ஆனால் பஸ்கள் வந்துகொண்டே இருந்தன. குளிக்க முடியாவிட்டாலும் பார்த்துவிட்டாவது போவோம் என்று கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஜனம் நெருக்கி நின்றது. சாரல் பக்கவாட்டில் அடித்தது. காற்று குடைகளைப் பூவாக மலர்த்தியது. கைப்பிள்ளையோடு ஒரு பெண் ஓடி வந்தாள்.

"அண்ணாச்சி, ஒரு துண்டு தாங்க. பிள்ள தலைய மூடணும்."

பிறகு அவள் புருஷன் தலைக்கு. பிறகு மாமியார் தலைக்கு. குளிக்க வருகிறவர்கள் குடும்பத்துக்கு ஒரு துண்டு வாங்குவார்கள். நனையாமல் நிற்க, தலைக்கு ஒன்று வேண்டும். இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது, கர்த்தருக்குத் தெரிந்திருந்தது. மத்தியானத்துக்குள் அருவிக்கரை முழுக்கப் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக என் துண்டுகளே பூத்து நின்றன. தடை நாலு நாள் நீடித்தது. கடையநல்லூரிலிருந்து இரண்டு முறை புதுத் துண்டு மூட்டை இறங்கியது.

நாலாம் நாள் செல்லத்துரை அண்ணாச்சி குடும்பத்தோடு வந்தார். களத்தில் வெங்காயம் சலசலவென்று காய்ந்துவிட்டதாம். மலையைக் காட்டினார்.

"நீ கேட்ட மழ எம்மேல விழல. நான் கேட்ட வெயிலு ஒம்மேல விழல. பாத்தியாடே?"

சொல்லிவிட்டு மூன்று துண்டு எடுத்தார், விலையும் குறைக்கச் சொன்னார். குறைத்தேன்.

கெடுவுக்கு முந்தின நாள் கடன் முழுதும் அடைந்தது. கம்பெனிப் பெண் ரசீதை அனுப்பிவிட்டுப் போன் செய்தாள். "சாரல் வந்துடுச்சா சார்?" என்று மட்டும் கேட்டாள். போனை அருவிப் பக்கம் திருப்பிப் பிடித்தேன். எஸ்தர் படிப்பு நிற்கவில்லை. அந்த வாரம் வீட்டுக்கு வந்தவள், ஹாஸ்டலுக்குக் கொண்டுபோக ஒரு துண்டு தேடினாள். கடையில் ஒன்றுகூட இல்லை. துண்டுக்காரன் மகள் பழைய பெட்ஷீட்டைக் கிழித்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள், சிரித்துக்கொண்டே.

இப்போது நான் மேகத்துக்கு இடம் குறித்துக் கொடுப்பதில்லை. மலையை ஜாமீன் வைப்பதுமில்லை. வங்கி மனுவை வருகிற தை மாதமே போட்டுவிடுவேன், தேவையை மட்டும் சொல்லி முழங்காலில் இருக்கிறேன். பிள்ளைகளின் படிப்புக்காகக் கலங்கி நிற்கும் தகப்பன்மாரே, தாய்மாரே, நீங்களும் அவரிடம் கேளுங்கள். வழியை அவரிடமே விட்டுவிடுங்கள். எதற்கும் கையில் ஒரு துண்டோடு நில்லுங்கள்.