மோட்டார் சைக்கிள் திறப்பு

ஒரு சொட்டு இரத்தத்தால் ஒரு கல்யாணத்தையே கவிழ்த்த வீரன் நான். கோப்பாயில் எங்கள் வீட்டுக்கு அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது எனக்கு எட்டு வயது. மாப்பிள்ளையின் படம் வந்த நாளிலிருந்து அக்கா தனியே சிரித்துக்கொண்டு திரிந்தாள். எனக்கோ கவலை முழுவதும் வடையைப் பற்றி. வந்தவர்கள் சாப்பிட்டு மிஞ்சினால்தான் உனக்கு என்று அம்மா சொல்லியிருந்தார்.

மிஞ்சுமா என்று கதவிடுக்கால் வேவு பார்த்தேன். காற்றுக்குக் கதவு அடித்து, கால் பெருவிரல் நகம் பிளந்தது. குனிந்து இரத்தத்தைப் பார்த்தேன். காது இரைந்தது, கண் இருண்டது. போய் விழுந்தது மாப்பிள்ளையின் காலடியில்.

கை கால் கொஞ்சம் வெட்டி இழுத்ததாம். வலிப்பு, இரும்பு குடுங்கோ என்று யாரோ கத்த, மாப்பிள்ளை தன் சாவிக்கொத்திலிருந்த மோட்டார் சைக்கிள் திறப்பை என் கைக்குள் வைத்துப் பொத்திப் பிடித்தார். கண் விழித்ததும் நான் கேட்டேன்:

"வடை முடிஞ்சுதோ?"

ஒருவரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் தாய் என் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துத் திறப்பை எடுத்தார். "உந்த வலிப்பு குடும்பத்திலை இருக்கிற வருத்தமே?" என்று அம்மாவிடம் கேட்டார். தேநீர் தொடாமலே ஆறியது. வடை முழுவதும் எனக்குத்தான்.

அடுத்த கிழமை ஆஸ்பத்திரியில் டொக்டர், விழமுதல் என்ன நடந்தது, எழும்பியதும் நினைவு தெளிவாக இருந்ததா என்று துருவினார். வடைக் கதையைச் சொன்னேன். சிரித்தார். நெஞ்சில் வயர் ஒட்டியும் பார்த்தார்.

"இது வலிப்பில்லை, அம்மா. இரத்தத்தைக் கண்டு மயங்கியிருக்கிறார். மயக்கத்திலையும் கை கால் வெட்டும். வலிப்பெண்டாலும் திறப்பு ஒண்டும் செய்யாது. ஒருக்களிச்சுப் படுக்க விடுங்கோ."

அப்பா அன்றே கல்யாணத் தரகரைத் தேடி ஓடினார். டொக்டர்மார் அப்படித்தான் சொல்லுவார்கள் என்றாராம் தரகர். மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துவிட்டார்களாம்.

அக்கா என் விரலுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எனக்கு வலிப்பில்லையாம். இனி அவர் வந்து என்னை மோட்டார் சைக்கிளிலை ஏத்துவார்தானே?"

"ஓம், ஏத்துவார்," என்றாள் தலை நிமிராமல்.

துணியில் ஏதோ சொட்டியது. இரத்தமில்லை என்பதால் மயங்காமல் பார்த்தேன். நோவு என் விரலில் இருக்க, அவள் ஏன் அழுகிறாள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.