இடதுகை ஓயும் இடம்

ஓடில் வோஷியே 1889இல் பிரான்சின் பெசான்சோன் நகரில் பிறந்தார். நகராட்சியின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவகத்தில் படியெடுக்கும் எழுத்தர், மணமாகாத பெண். ஞாயிறு பிற்பகல்களில் அவர் பியானோ வாசிக்க, கடிகாரப் பட்டறையில் வேலை பார்த்த ஆன்செல்ம் பிரோக்கார் வயலினுடன் வருவார். ஆன்செல்ம் மனைவியை இழந்தவர். ஒகுஸ்த் தெர்வில் வயலினுக்கும் பியானோவுக்குமாக எழுதிய மூன்று சொனாட்டாக்களைத் தவிர வேறெதையும் இருவரும் ஏழாண்டுகளில் வாசித்ததில்லை.

1926 செப்டம்பரில், மூன்றுக்குமான வயலின் ஏட்டை ஆன்செல்ம் தோல் என்ற ஊருக்குப் போகும் ரயிலில் மறந்து வைத்துவிட்டார். அச்சிட்ட பதிப்பகம் அதற்குள் மூடப்பட்டிருந்தது.

“நம்ம வாசிப்பு அவ்வளவுதான், மத்மசேல். நால்வர் குழு ஒண்ணுல எடம் காலியாம், கூப்பிடுறாங்க. அவங்களுக்கும் ஞாயித்துக்கிழமைதான்.”

“கிறிஸ்துமஸ் வரைக்கும் பொறுங்க, முசியே.”

பியானோ ஏட்டில் வயலின் வரியும் பொடி எழுத்தில் மேலே ஓடும். அதைப் பார்த்து ஓடில் மாலைதோறும் படியெடுத்தார். சன்னலுக்கு வெளியே தூப் நதியின் மூடுபனி படியேறி வரும். மெதுவான பகுதியை எழுதுகையில் மையிலிருந்தே வயலின் ஒலிப்பதுபோல் இருக்கும். அறையும் மேசையும் நீர்மேல் மிதப்பதுபோல் தோன்றும். சில நேரம் பேனா நின்றுவிடும், இசை நிற்காது.

தங்கை ஓர்த்தான்ஸ் எட்டிப் பார்த்தாள். “ஒரு ஆம்பளைக்கு நாப்பது பக்கமா? காதல் கடுதாசின்னா ஒரே பக்கத்துல முடிஞ்சிருக்குமேடி!”

“போய் உன் அடுப்பைப் பாரு” என்றார் ஓடில்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறன்று ஆன்செல்ம் வழக்கம்போல் பியானோவின் வலப்புறம் ஏடு வைக்கும் தாங்கியை நிறுத்தி வாசித்தார். மெதுவான பகுதியில், ஒரு நீண்ட சுரத்தின் நடுவே, பக்கம் முடிந்துபோனது. வில்லை இறக்கினார்.

“பக்கத்தை இங்கயா முடிப்பாங்க? நாலு தாள அளவு தள்ளி எனக்கு ஓய்வு இருக்கே. அங்க நானே திருப்பிக்குவேனே! பதிவகத்துலயும் இப்படித்தான் தப்பா எழுதுவீங்களோ?”

“தப்பு இல்ல, முசியே. அங்க எனக்கு ரெண்டு கையும் வேலையா இருக்கும்.” ஓடில் பியானோவைப் பார்த்தபடியே சொன்னார். “இங்கன்னா இடதுகை சும்மா இருக்கு. எட்டித் திருப்பலாம்.”

ஆன்செல்ம் மற்றப் பக்கங்களையும் புரட்டிப் பார்த்தார். எல்லாம் ஓடிலின் இடதுகை ஓயும் இடங்களிலேயே முடிந்திருந்தன.

“அப்போ நான்தான் இத்தனை நாளா தப்பான பக்கத்துல நின்னிருக்கேன்” என்று தாங்கியைத் தூக்கி ஓடிலின் இடப்புறம் வைத்தார். “நால்வர் குழுவுக்கு வேற ஆள் கிடைப்பான்.”

திருமணப் பதிவின் தேதி 1927 ஜூன் 11. அதை எழுதியது வேறோர் எழுத்தர். சேர்ந்து வாழ்ந்தது இருபத்திரண்டு ஆண்டுகள்.