திருத்தணியை விட்டு நகராத வண்டி

சாய்கிருஷ்ணனுக்கு உட்கார்ந்த இடம் சூடாவதற்குள் எழுந்துவிட வேண்டும். பிறவிக் குணம். திருத்தணி மலைக்கோயில் மடப்பள்ளியில் தலைமுறை தலைமுறையாகச் சமைக்கிற குடும்பம் அவனுடையது. அவனிடம் கரண்டியைக் கொடுத்தால் பொங்கல் அடிப்பிடிக்கும்; ஆள் படிக்கட்டில் நின்றுகொண்டு கீழே போகிற பஸ்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பான். அப்பா சுந்தரமூர்த்தி திட்டாத திட்டில்லை. திட்டினால் திருந்துகிற ஜென்மமா அது? டிராவல்ஸ் வண்டியில் தொற்றிக்கொண்டு ஓட்டக் கற்றான். இரண்டாயிரத்து எட்டில் சொந்தமாகவே ஒரு கார் வாங்கி, சென்னையில் ஒரு கால் டாக்ஸி கம்பெனியில் சேர்த்துவிட்டான். அன்றோடு அப்பா பேச்சை நிறுத்திக்கொண்டார். வீட்டுக்கு வந்தால் சாப்பாடு உண்டு, பேச்சு கிடையாது. மடப்பள்ளியில் மகனுடைய முறையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல், ஒன்றுவிட்ட தம்பியை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

கம்பெனிக்காரர்கள் காருக்குள் ஒரு கருவி பொருத்தியிருந்தார்கள். சாட்டிலைட் சிக்னலை வாங்கிச் சின்னத் திரையில் அவனுக்கு வழி காட்டும். வண்டி எந்தத் தெருவில் நிற்கிறது என்று ஆபீசுக்கும் சொல்லிவிடும். எந்த வண்டி பக்கத்தில் தெரிகிறதோ அதற்குத்தான் சவாரி. சாய்கிருஷ்ணனுக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருந்தது. ஓடிக்கொண்டே இருப்பதற்கு வேலை கொடுக்கிறார்களே, அவனுக்கு வேறென்ன வேண்டும்?

ஆடிக் கிருத்திகைக்கு வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பிய மறுநாள் ஆபீசிலிருந்து ஸ்னேகா என்கிற பெண் கூப்பிட்டாள். லீவு முடிந்தும் ஏன் ஊரை விட்டுக் கிளம்பவில்லை என்று கேட்டாள். அவன் அப்போது தி.நகர் சிக்னலில் நின்றுகொண்டிருந்தான். முதலில் சிரிப்புத்தான் வந்தது. சாயங்காலம் மறுபடி கூப்பிட்டாள். கம்ப்யூட்டரில் வண்டி இன்னும் திருத்தணி மலையடிவாரத்திலேயே நிற்கிறது என்றாள். அவனுடைய திரையிலும் வழி காணாமல் போயிருந்தது. அதற்கப்புறம் சிரிப்பு வரவில்லை. ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நிற்காதவனைப் பார்த்து, நீ ஊரிலேயே உட்கார்ந்திருக்கிறாய் என்று ஒரு கம்ப்யூட்டர் சாதித்தால் யாருக்குத்தான் எரியாது? கம்பெனி ஆள் கருவியையே மாற்றிப் பார்த்தான். பிரயோஜனமில்லை. திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வண்டியைக் கம்பெனியிலிருந்து எடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். எடுத்துவிட்டால் அப்புறம் எங்கே போவது? மடப்பள்ளிதான். அந்தப் புகையும் அண்டாவும் நினைவுக்கு வந்ததுமே வண்டிச் சாவியை எடுத்துவிட்டான்.

திருத்தணிக்கே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து, சித்தூர் ரோட்டில் கார் எலக்ட்ரீஷியன் பங்காருவின் ஷெட்டில் நிறுத்தினான். பங்காரு நிதானஸ்தன் என்றால் அப்படியொரு நிதானஸ்தன். டீயை ஆற்றிக் குடித்து முடிக்கிற வரைக்கும் பானட்டைத் தொடமாட்டான். சாய்கிருஷ்ணன் ஷெட்டுக்கும் ரோட்டுக்கும் நடையாய் நடந்தான். பியூஸ் பார்த்தாயிற்று, பேட்டரி டெர்மினலைச் சுரண்டியாயிற்று, ஒயரைத் தடவித் தடவி முழு நீளமும் பார்த்தாயிற்று. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் பங்காரு முன் கண்ணாடிக்குக் கீழே, டேஷ்போர்டு பிளாஸ்டிக்குக்கு அடியில் ஒட்டியிருந்த ஆன்டெனாவை உருவினான். தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டி. ஒயர் எட்டுகிற மட்டும் இழுத்து, ஜன்னல் வழியாகக் காரின் கூரைமேல் வைத்தான்.

கொஞ்ச நேரத்தில் திரையில் சித்தூர் ரோடு வந்தது. உள்ளே வைத்தான், போய்விட்டது. மறுபடி வெளியே எடுத்தான், வந்தது.

“பெட்டி மேல தப்பு இல்ல சாமி. உள்ள ஏதோ மறைச்சிகினு கீது” என்றான் பங்காரு.

சாய்கிருஷ்ணனுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. டேஷ்போர்டின்மேல் விரித்திருந்த வெல்வெட் துணியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். அடியில், ஆன்டெனா இருந்த இடத்துக்கு நேர் மேலே, உள்ளங்கை அகலத்தில் ஒரு செம்புத் தகடு. நடுவில் அறுகோணம், மூலைகளில் காய்ந்த சந்தனம். வீட்டுப் பூஜை அலமாரியில் அவன் சின்ன வயதிலிருந்து பார்த்த யந்திரத் தகடு. அப்பாவைத் தவிர அதை யாரும் தொடக்கூடாது. பங்காரு தகட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, செம்பு மூடினால் சிக்னல் எப்படி உள்ளே வரும், பின் கண்ணாடிப் பக்கம் வைத்துக்கொண்டால் ஒன்றும் ஆகாது என்றான். ஆன்டெனாவைப் பழைய இடத்திலேயே ஒட்டினான். திரையில் ரோடு நின்றது, போகவில்லை.

சந்தோஷப்பட வேண்டிய ஆள் கொதித்துப்போனான். அப்பா வேண்டுமென்றே செய்திருக்கிறார். பிழைப்பைக் கெடுத்துத் திரும்ப அடுப்படிக்கு இழுக்கப் பார்க்கிறார். தகட்டை எடுத்துக்கொண்டு மலைமேல் வண்டியை விரட்டினான்.

மடப்பள்ளிக்குள் குளிக்காமல் போகக்கூடாது. நைவேத்தியம் போகிறவரை உள்ளே இருப்பவர் வெளியாளைத் தொடவும் கூடாது. ஆகவே அவன் வாசற்படிக்கு வெளியே கிரீஸ் கையோடு நின்றான், அப்பா உள்ளே பொங்கல் அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தார். சண்டை போடக்கூட முறையிருக்கிறது பாருங்கள்.

“என் பொழப்புல மண்ணைப் போடத்தானே இதை வெச்சே?” என்று தகட்டைக் காட்டினான். சிக்னல், கம்பெனி, திங்கட்கிழமை எல்லாவற்றையும் கொட்டினான்.

சுந்தரமூர்த்தியின் கை நின்றுபோனது. அவருக்கு ஆன்டெனா என்ற வார்த்தையே அன்றுதான் காதில் விழுந்தது. ஆடிக் கிருத்திகையன்று வண்டிக்குக் காவலாகத்தான் வைத்தார். கால் படாத இடம், வானம் தெரிகிற இடம் பார்த்து வைக்க வேண்டும் என்பது சாஸ்திரம். காரில் அப்படி இருந்தது அந்த ஓரிடம்தான் என்று மெல்லச் சொன்னார். ஆன்டெனா வைத்தவனும் அதே காரணத்துக்காகத்தான் அந்த இடத்தைப் பிடித்திருந்தான். சாய்கிருஷ்ணனுக்குக் கோபம் பாதி வழியிலேயே திக்குமுக்காடியது.

“சொல்லிட்டு வெச்சிருக்கலாமே?” என்றான்.

“சொன்னா நீ நின்னு கேப்பியா?” அப்பா அண்டாவைப் பார்த்தபடியே பேசினார். “ஆபீஸ்ல உக்காந்திருக்கற பொண்ணுக்கு நீ எந்தத் தெருவுல இருக்கேன்னு நிமிஷத்துக்கு நிமிஷம் தெரியறதாம். உங்கம்மா சொன்னா. பெத்தவனுக்கு என்னடா தெரியறது? ராத்திரி லாரி சத்தம் கேட்டா நான் எழுந்து உக்காந்துக்கறேன்.”

அந்த நேரம் பார்த்து செல்போன் அடித்தது. ஸ்னேகாதான். வண்டி தெரிகிறது, காலை சவாரி தயார் என்றாள். பேசி முடித்ததும் இறங்கி ஓடியிருக்க வேண்டிய கால்கள் நகரவில்லை.

“நாளைக்கு விடியக்காலம் ஏர்போர்ட்டுப்பா” என்றான். “அங்கேர்ந்து தாம்பரம்.”

பொங்கல் லேசாக அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. சுந்தரமூர்த்தி கரண்டியைத் தொடவில்லை.

“தாம்பரத்துலேர்ந்து?” என்றார்.