பங்கா ரோடு வளைவில் பவுனு

ஸ்ரீமுஷ்ணத்தில் பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளைக்கு டில்லியில் அரசாங்கக் கம்பெனி உத்தியோகம் என்றுதான் சொன்னார்கள். அந்த உத்தியோகமே சைக்கிள் ஓட்டுவதுதான் என்பது, ஜனக்புரி வாடகை வீட்டில் சாமான் இறக்கிய பிறகுதான் பவுனுவுக்குத் தெரிந்தது. பூவராகவன் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு சாலைக்குப் போய்விடுவார். கம்பெனிப் பேர் போட்ட நீலச் சட்டையோடு பந்தயத்தில் ஜெயித்துக்கொண்டிருக்கும் வரைக்கும் அப்படி. தோற்க ஆரம்பித்தால் குமாஸ்தா நாற்காலி. அதனால் அவர் ஜெயித்துக்கொண்டிருந்தார்.

பவுனு ஒரு பந்தயத்தையும் பார்த்ததில்லை. பார்க்கத் தைரியமில்லை. அவர் முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் டெட்டால் போடுவாள். கப் கொண்டுவந்தால் துடைத்து அலமாரியில் வைப்பாள்.

எழுபத்தொன்பது டிசம்பரில் பந்தயம் அவர்கள் வட்டாரத்துக்கே வந்துவிட்டது. ஜனக்புரியைச் சுற்றிச் சுற்றி வரும் பாதை. வீட்டுக்குள் இருந்தாலும் கூச்சல் கேட்கத்தான் போகிறது என்று, சால்வையைப் போர்த்திக்கொண்டு பங்கா ரோடு வளைவில் போய் நின்றாள். பனி இன்னும் முழுசாக விலகவில்லை. மஃப்ளர் சுற்றிய ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். சோபா தைக்கிறவராம், பேர் கேதார்நாத். "சாப்பிடுங்க பெஹன்ஜி" என்று கை நிறைய வேர்க்கடலையும் கொடுத்தார். பவுனு ஹிந்தியில் சமாளிப்பாள்.

முதலில் ஒரு சிவப்புச் சட்டை தனியாகப் பறந்து வந்தது. கூட்டம் "தரம்வீர்! தரம்வீர்!" என்று குதித்தது. அந்த ஆள் வாயெல்லாம் பல்லாக ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான்.

"பக்கத்து ஊரு, நஜஃப்கர் பையன்" என்றார் கேதார்நாத். "போன வருஷம் இதே இடத்துல விழுந்தான். எழுந்து என் கையால தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கிட்டே போனான். என் கையால, பெஹன்ஜி!"

பின்னால் ஒரு கும்பல் வந்தது. அதன் நடுவில், முன்னால் போகிறவனின் சக்கரத்தோடு ஒட்டினாற்போல் நீலச் சட்டை. முகத்தில் சிரிப்புமில்லை, வலியுமில்லை. கூட்டம் ஊளையிட்டது. "சிப்கூ! முன்னாடி வாடா சிப்கூ!"

"சிப்கூன்னா?" அர்த்தம் தெரிந்தும் கேட்டாள் பவுனு.

"ஒட்டுண்ணி. எதிர்க்காத்தையெல்லாம் மத்தவன் வாங்கிக்குவான், இவன் பின்னால பதுங்கியே வருவான். கடைசியில ஒரே பாய்ச்சல், கப்பைத் தூக்கிக்கிட்டுப் போயிடுவான். சட்டப்படி தப்பில்லையாம். திருட்டுப் பய."

பவுனு மிச்சக் கடலையைச் சால்வை முனையில் முடிந்துகொண்டாள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஊளை பெரிசாகிக்கொண்டே போயிற்று. யாரோ ஆரஞ்சுத் தோலை எறிந்தார்கள். அது அவர் தோளில் பட்டு விழுந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாதே என்று இவள் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசிச் சுற்றில் தரம்வீர் வந்தபோது தலை தொங்கிவிட்டிருந்தது. பின்னாலேயே நீலம், தனியாக, வளைவுக்குள் சாய்ந்து வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் யாரோ குனிவது தெரிந்தது. திரும்பினால், கேதார்நாத் கையில் பாதிச் செங்கல்.

கடலை கொடுத்த அதே கை. பவுனு இரண்டு கையாலும் அந்த மணிக்கட்டைப் பிடித்துத் தொங்கினாள். அவர் உதறினார். அவள் விடவில்லை.

"வோ மேரா ஆத்மி ஹை!" என்று கத்தினாள். "என் வீட்டுக்காரர்! கேக்குதா, என் வீட்டுக்காரர்!"

டயர்கள் உஸ்ஸென்று தாண்டிப் போயின. கேதார்நாத் முகம் வெளுத்து, செங்கல் நழுவி விழுந்தது. எதிரே எல்லைக்கோட்டுப் பக்கம் யாரும் கைதட்டவில்லை. அந்த மௌனத்திலேயே, ஜெயித்துவிட்டார் என்று அவளுக்குப் புரிந்தது.

"மன்னிச்சிடுங்க" என்றார் கேதார்நாத். கொஞ்சம் தயங்கி, "ஆனா ஒருதடவைகூட எங்களை நிமிர்ந்து பார்க்கலியே, பெஹன்ஜி" என்றார்.

மூன்றாம் நாள் சோறு போடும்போது எல்லாவற்றையும் கொட்டினாள். பூவராகவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"எந்த வளைவு?"

"அதான் முக்கியமா? நீங்க அவங்களைப் பாக்கவே இல்லையாம்."

"முன்னாடி போற சக்கரத்துலேர்ந்து கண்ணை எடுத்தா கீழ கெடப்பேன், பவுனு. அவங்களை எங்க பாக்கறது?"

அடுத்த வருஷமும் அதே பாதை, அதே வளைவு. ஆனால் தரம்வீர் பொறுமை கற்றுக்கொண்டிருந்தான். முன்னால் போக ஒருவரும் தயாரில்லை. கும்பல் ஊர்ந்தது. ஒட்டிக்கொண்டு போக வேகமான சக்கரம் எதுவும் கிடைக்காமல் பாதிப் பந்தயத்தில் பூவராகவனே பாய்ந்தார். எதிர்க்காற்றில் தனியாக அவர் ஒவ்வொரு முறை வளைவைத் தாண்டும்போதும் பவுனு அந்த முகத்தைப் பார்த்தாள். வாய் கோணிக்கொண்டது, எச்சில் வழிந்தது. ஊளை நின்றுபோயிற்று. அடுத்த சுற்றில் யாரோ கை தட்டினார்கள். அதற்கடுத்ததில் எல்லோரும் தட்டினார்கள்.

கோட்டுக்குப் பக்கத்தில் தரம்வீர் அவரைப் பிடித்துத் தாண்டிவிட்டான். பூவராகவன் சைக்கிளோடு சரிந்து சாலையிலேயே வாந்தி எடுத்தார்.

பவுனு ஓடினாள். அவளுக்கு முன்னால் கூட்டம் ஓடிவிட்டது. யாரோ அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். கேதார்நாத் அவர் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். "ஷாபாஷ் மத்ராஸி! ஷாபாஷ்!" பூவராகவன் கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தார். பிறகு சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்து பவுனுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஜெயிச்சப்ப எங்க போயிருந்தீங்க எல்லாரும்?" என்று தமிழிலேயே கேட்டாள். யாருக்கும் புரியவில்லை. தோள் தோளாகத் தள்ளி அவளுக்கு வழிவிட்டார்கள்.

சாயங்காலம் தரம்வீர் பால் கோவாவோடு வீட்டுக்கு வந்தான். கூடவே பத்துப் பேர். கேதார்நாத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, "உங்களுக்காகப் போன வருஷம் செங்கல்லு எடுத்து வச்சிருந்தேன், பாயி சாப்! உங்க வீட்டம்மா விடலை" என்றார். பூவராகவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அறையே அதிர்ந்தது.

பவுனுவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மணிக்கட்டின் துடிப்பு இன்னும் அவள் உள்ளங்கையில் இருந்தது. எழுந்துபோய் ஸ்டவ்வுக்குக் காற்றடித்து, வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டாள்.

அதன்பின் பூவராகவன் மூன்று வருஷம் ஓட்டினார், ஒரு கப்பும் வரவில்லை. கம்பெனி அவரை நாற்காலிக்கு மாற்றியது. பால் பூத்தில் ஜனங்கள் "ராகவன்ஜி" என்று வழிவிட்டார்கள். அவர் ஒவ்வொருவரிடமும் நின்று பேசிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். பவுனு மட்டும் அப்புறம் எந்தப் பந்தயத்துக்கும் போகவில்லை.